சிவப்பு மையில் திருத்தியது

செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் அந்தக் கட்டத்தை ஒன்பது பிரதி எடுத்திருந்தேன். மதுரை கே.கே. நகரில் எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரர் நான்காவது தடவையே, "என்ன சார், ஏதும் கேஸ் நடக்குதா?" என்று கேட்டார். ஒன்பதும் மேசைமேல் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு விதமாகக் கோடு இழுத்திருந்தேன். ஒன்றில் மூலைக்கு மூலை. ஒன்றில் சொற்களின் முதல் எழுத்துகள். ஒன்றில் கறுப்புக் கட்டங்களை ஒட்டி நிற்கும் எழுத்துகள். எதிலிருந்தும் எதுவும் வரவில்லை.

குறுக்கெழுத்து எங்களுக்குப் பெரிய விஷயமில்லை. குறிப்புகளுக்கெல்லாம் விடை கண்டுபிடித்துக் கட்டத்தை நிரப்ப அரை மணி நேரம் போதும். எங்கள் குழுவில் வருகிற புதிர் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். நிரம்பிய கட்டத்துக்குள் இன்னொரு விடை ஒளிந்திருக்கும். அதை உள்விடை என்போம். அதற்குக் குறிப்பு கிடையாது. புதிரின் தலைப்பும், அதன் கீழே ஒரு வரியும் மட்டும்தான். இந்த முறை தலைப்பு: 'வராதவர்கள்'. கீழே இருந்த வரி: 'நான்கு எழுத்து. மதுரையில் எல்லோரும் பார்த்தது.'

வாட்ஸ்அப் குழுவில் இருபது சொச்சம் பேர் இருந்தோம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் புதிர் வரும். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் உள்விடையைப் புதிர் எழுதியவரின் எண்ணுக்குத் தனியாக அனுப்ப வேண்டும். எழுதுபவர் ஒருவர்தான், எப்போதும் அவர்தான். பழைய ஊருக்குள், மாசி வீதி ஒன்றின் பக்கச் சந்தில் தையல் சாமான் கடை வைத்திருக்கும் பாய். ஜிப், பொத்தான், லேஸ், எலாஸ்டிக். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் கணக்கு நோட்டின் கட்டம்போட்ட தாளில் நீலப் பேனாவால் புதிர் எழுதுவார். ஒரு புதிருக்கு அவருக்கு மூன்று வாரம் பிடிக்கும்.

அந்த ஒரு வாரம் மட்டும் பாய் குழுவில் இருக்கமாட்டார். அது அவரே போட்டுக்கொண்ட விதி. முன்பொருமுறை யாரோ சரியான திசையில் யோசித்துக் குழுவில் எழுதப்போக, இவர் சந்தோஷம் தாங்காமல் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டார். பத்து நிமிஷத்தில் பாதிப் பேர் விடையை அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து ஞாயிறு காலை புதிர் வருவதற்கு முன்பே வெளியேறுவார், சனிக்கிழமை ஆறு மணிக்குத் திரும்பச் சேருவார். இடையில் யாரும் அவரோடு புதிரைப் பற்றிப் பேசக்கூடாது, அவரும் பேசமாட்டார்.

என் வேலை சரிபார்ப்பது. முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு நாளிதழில் துணை ஆசிரியராக இருந்தவன். பாய் சனிக்கிழமை தாளைக் கொடுப்பார். குறிப்புகளில் தகவல் பிழை இருக்கிறதா என்று பார்ப்பேன், கணினியில் கட்டத்தை வரைந்து, குறிப்புகளை அடித்து, ஞாயிறு காலை குழுவுக்கு அனுப்புவேன். சிறிய விடைகளெல்லாம் எனக்கு முன்னாலேயே தெரியும். உள்விடை மட்டும் தெரியாது. சொல்ல வேண்டாம் என்று நானே கேட்டிருந்தேன். ஓய்வுபெற்ற பிறகு நேரத்துக்கு முடித்தாக வேண்டிய பக்கம் எதுவும் எனக்கு இல்லை. மாதத்தில் அந்த ஒரு சனிக்கிழமை மட்டும் இருந்தது. அன்று காலையிலிருந்தே எனக்கு அலுவலக நாள் மாதிரி கைகள் பரபரக்கும்.

முந்தைய மாதப் புதிரை நான் பத்தொன்பது நிமிஷத்தில் விடுவித்துவிட்டேன். அதோடு நிற்கவில்லை. 'பத்தொன்பது நிமிஷம். பாய் கடையில் இந்த மாதம் வியாபாரம் அதிகம் போலிருக்கிறது' என்று, சனிக்கிழமை அவர் திரும்பச் சேர்ந்த பிறகு குழுவில் எழுதினேன். நிறையப் பேர் சிரித்தார்கள். பாயும் சிரித்து ஒரு பொம்மை போட்டிருந்தார்.

இந்த மாதத் தாளை வாங்கக் கடைக்குப் போனபோது அந்தப் பேச்சை எடுத்தார்.

"என்னண்ணே, பத்தொம்போது நிமிஷம்னு போட்டீங்களே?"

"சும்மா வெளையாட்டுக்கு, பாய்."

"நானும் வெளையாட்டாத்தான் போட்டிருக்கேன். இது எம்புட்டு நிமிஷம்னு சொல்லுங்க பாப்போம்." தாளை நான்காக மடித்து நீட்டினார். பிறகு கடைக்குள் தொங்கிய ஜிப்களைக் காட்டினார். "ஆனா ஒண்ணு. ஒருத்தராலயும் போட முடியலைன்னா இதோட நிறுத்திக்கிறேன். தொறக்காத ஜிப்பை வித்துட்டு, கஸ்டமருக்குத் தொறக்கத் தெரியலன்னு சொல்ல முடியாது. தப்பு என் சரக்குல."

"நிறுத்துறதாவது. அப்படியெல்லாம் பேசாதீங்க."

"பேச்சு இல்லண்ணே. முடிவு பண்ணிட்டேன்."

அவர் முடிவு பண்ணினால் பண்ணியதுதான். டீ பிடிக்காது என்று ஒருநாள் சொன்னார், அதற்கப்புறம் அவர் டீ குடித்து நான் பார்த்ததில்லை. வருகிறவர்களுக்கு வாங்கிக் கொடுப்பதோடு சரி.

திங்கட்கிழமை வரை எனக்குக் கவலையில்லை. செவ்வாய்க்கிழமை குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை என்பதைக் கவனித்தேன். விடை கண்டுபிடித்தவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். 'முடிஞ்சது' என்று ஒரு வார்த்தையாவது போட்டுவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார்கள். அந்த வார்த்தை வரவேயில்லை. புதன்கிழமை தல்லாகுளத்திலிருந்து ஒரு கோர்ட் குமாஸ்தா குரல் செய்தி அனுப்பினார். "அண்ணே, இது இன்னைக்கு முடியிற கேஸ் இல்ல. வாய்தா வாங்கிக் குடுங்க."

இரண்டு தெரு தள்ளி ஒரு டீச்சர் இருந்தார். மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு எடுப்பவர், எங்கள் குழுவிலேயே கூர்மையானவர். நானும் அவரும் சிக்கலான புதிர்களைச் சேர்ந்து விடுவிப்போம். மாலை பள்ளி விட்டு வரும்போது ஸ்கூட்டரை எங்கள் வாசலில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேச ஆரம்பிப்பார்.

"சார், வராதவர்கள்னா கட்டத்துல வராத எழுத்து. எதெது வரலைன்னு பாத்துட்டேன்."

"எத்தனை வரலை?"

"இருநூத்துச் சொச்சம்."

"அதுல நாலு எடுக்கணும்."

"அதான் பிரச்சனை." ஹெல்மெட்டைக் கழற்றினார். "தமிழ்ல இம்புட்டு எழுத்து எதுக்கு சார் வச்சாங்க?"

எனக்குத் தூக்கம் குறையவில்லை. சாப்பாடும் குறையவில்லை. ஆனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் மொட்டைமாடிக்குப் போனால் தோன்றும் என்று படும். மொட்டைமாடிக்குப் போனால் பேனா கீழே இருக்கும். மனைவி கீரை ஆய்ந்துகொண்டே, "ஒரு நிமிஷம் ஒரு இடத்துல நில்லுங்க. எனக்குத் தலை சுத்துது" என்றாள். பால் வாங்கப் போய் பால் இல்லாமல் திரும்பி வந்தேன். 'விற்பனை' என்ற சொல்லில் ஏதோ இருக்கிறது என்று வழியில் தோன்றி, அதைச் சோதிக்க ஓடி வந்திருந்தேன். ஒன்றும் இல்லை.

வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இது புரியாது. தவறான வழி முழுக்கத் தவறாக இருந்தால் தொந்தரவே இல்லை, விட்டுவிடலாம். அது எப்போதும் கொஞ்சம் சரியாக இருக்கும். இரண்டு எழுத்து பொருந்தும், மூன்றாவது பொருந்தாது. பொருந்தாத மூன்றாவதை விட்டுவிட்டு, பொருந்திய இரண்டை வைத்துக்கொண்டு ஒருநாள் முழுவதும் வாதாடுவோம். செய்தி அறையிலும் இதைப் பார்த்திருக்கிறேன். பாதி உறுதியான தகவலோடு வருகிற நிருபரைத் திருப்பி அனுப்புவதுதான் கஷ்டம்.

புதன்கிழமை மாலை எனக்கு அப்படி ஒரு பாதி வந்தது. கட்டத்தில் 'படுக்கை' இருந்தது. 'தாமரை' இருந்தது. 'ஆலமரம்' இருந்தது. மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் கீழக்குயில்குடிக்குப் போனால் போதும். ஆலமரம், தாமரைக் குளம், மலைமேல் சமணர் படுக்கைகள். படுக்கை இருக்கிறது, படுக்கிறவர்கள் இல்லை. வராதவர்கள். டீச்சரைப் போனில் கூப்பிட்டேன்.

"படுக்கைகளை எண்ணுறோம். அந்த எண்ணை வச்சு உள்ள போறோம்."

"காலையில ஆறு மணிக்கு வாரேன், சார். எட்டரைக்கு எனக்கு பிரேயர் இருக்கு, அதுக்குள்ள ஸ்கூல்ல இருக்கணும்."

வியாழக்கிழமை காலை அவர் ஸ்கூட்டர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து, ஊரை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கடந்தோம். குளத்தோரம் வண்டியை நிறுத்திப் படியேறினோம். வெயில் ஏறவில்லை, ஆனாலும் டீச்சருக்கு மூச்சு வாங்கியது. முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். நாங்கள் போய் நின்ற பாறையில் ஆளுக்கொரு பக்கமிருந்து எண்ணினோம். எண்ணிக்கை ஒத்துவரவில்லை.

"சார், அதைச் சேத்தீங்களா? அது பாறை சும்மா தேஞ்சது."

"படுக்கைதான். நல்லாப் பாருங்க."

"தலைமாட்டுல மேடு இல்லையே. தலகாணி இல்லாம எப்படிப் படுப்பாங்க?"

"துறவிங்க, டீச்சர்."

"துறவிக்கும் கழுத்து இருக்கும்ல?"

கீழே இருந்து ஏறிவந்த ஒருவர் நின்று, நாங்கள் பாறையைச் சுட்டிச் சுட்டி எண்ணுவதைப் பார்த்து, "சர்வே ஆபீஸா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்ல நேரமாகும்.

டீச்சரின் எண்ணிக்கைப்படி அந்த எண்ணுள்ள குறிப்பை எடுத்தால் விடை 'தாமரை'. எங்களுக்கு நேர் கீழே தாமரைக் குளம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்தக் கணத்தில் நான் நிச்சயமாக நம்பினேன். அப்புறம் அவர், "தாமரை மூணு எழுத்து சார்" என்றார். தவிர, மதுரையில் எல்லோரும் இங்கே வந்து பார்த்ததும் கிடையாது. என் எண்ணிக்கைப்படி எடுத்தால் 'எலாஸ்டிக்' வந்தது. இறங்கினோம். பிரேயருக்குப் பத்து நிமிஷம் தாமதமாகப் போனார்.

வெள்ளிக்கிழமை மதியம் எனக்குத் தாங்கவில்லை. விதியை மீறக்கூடாது, பேசக்கூடாது, சரி. பார்ப்பதில் தவறில்லை என்று சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன். தொழுகை முடிந்து பாய் கடை திறந்திருந்த நேரம். எதிர்ப்பக்கம் நின்றேன். ஒரு பெண்ணுக்கு லேஸ் அளந்துகொண்டிருந்தார். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தார். வழக்கமாக, "வாங்கண்ணே" என்று கூப்பிடுகிறவர் கூப்பிடவில்லை. வலது கையை உயர்த்தி ஐந்து விரல்களையும் மடக்கி மூடிக் காட்டினார். ஒருவரும் சரியான விடை அனுப்பவில்லை என்று அர்த்தம். பிறகு மறுபடி குனிந்து லேஸை மடித்துக் காகிதப் பையில் போட்டார்.

அந்த மூடிய கை வீடு வரை என்னோடு வந்தது. பத்தொன்பது நிமிஷம் என்று நான் எழுதாமலிருந்தால் அவர் இவ்வளவு கடினமாகப் போட்டிருக்கமாட்டார். இவ்வளவு கடினமாகப் போடாமலிருந்தால் நிறுத்துகிற பேச்சே வந்திருக்காது. சனிக்கிழமை ஆறு மணிக்குப் பிறகு மாதத்தில் எனக்கு ஒரு பக்கமும் இருக்காது. அவருக்கு மூன்று வாரத்து நீலப் பேனாவும் இருக்காது. இதைச் சரிசெய்ய ஒரே வழி விடையைக் கண்டுபிடிப்பது. பத்தாவது பிரதி எடுத்தேன்.

சனிக்கிழமை டீச்சருக்கு அரைநாள். இரண்டரை மணிக்கு வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"சார், பாய் குடுத்த ஒரிஜினலை வச்சிருக்கீங்களா? அதுல ஓரத்துல ஏதாச்சும் கிறுக்கியிருக்காரா பாப்போம்."

வைத்திருந்தேன். அலுவலகத்தில் எழுத்துப் பிரதியைக் கொஞ்ச நாள் வைத்திருப்போம், யாராவது மறுப்புச் சொன்னால் எடுத்துக் காட்ட. அந்தப் பழக்கம் போகவில்லை. பீரோவிலிருந்து கோப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு, தண்ணீர் கொண்டுவரப் போனேன். திரும்பி வந்தபோது தாளைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தச் சிவப்பு யாரு?"

"நான்தான். சரிபார்த்தது."

"எதைச் சரிபார்த்தீங்க?"

"கட்டத்துக்கு நம்பர் போடுறதுல விட்டிருந்தார். ரெண்டுக்கு அடுத்து நாலு போட்டிருந்தார். வரிசையா மாத்தினேன்."

இதைச் சாதாரணமாகச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொல்லியிருப்பேன். சொல்லிக்கொண்டே டம்ளரை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"மூணு இல்லையா?"

"இல்ல."

அவர் விரல் கட்டத்தில் நகர்ந்தது. "ஏழு இருக்கு. எட்டு?"

"அதுவும் விட்டிருந்தார்."

"பதினாலு?"

நான் டம்ளரை மேசைமேல் வைத்தேன்.

"பத்தொம்போது," என்றார். அது கேள்வி இல்லை. தாளை இறக்கினார். "சார். இருபத்தஞ்சு வருஷமா தினமும் காலையில நான் இதைத்தான் கூப்பிடுறேன். மூணு ஆப்சென்ட். எட்டு ஆப்சென்ட். இது அட்டெண்டன்ஸ் சார். வராதவர்கள்."

குறுக்கெழுத்துக் கட்டத்தில் சொல் தொடங்கும் இடங்களில் வரிசையாக எண் இருக்கும். பாய் வேண்டுமென்றே நான்கு எண்களை விட்டிருந்தார். தாளில் ஒன்றிலிருந்து இருபத்தாறு வரை இருந்தது, நடுவில் நான்கு இல்லை. நான் அதை ஒன்றிலிருந்து இருபத்திரண்டாக்கி, குறிப்புகளின் எண்களையும் மாற்றி, இருபது சொச்சம் பேருக்கு அனுப்பியிருந்தேன். நான்கிலிருந்து ஒவ்வொரு எண்ணையும் சிவப்பு மையால் அடித்துப் பக்கத்தில் சரியான எண்ணை எழுதியிருந்தேன். தாளின் அடியில் என் கையெழுத்தில் 'எண் வரிசை சரி செய்யப்பட்டது' என்று இருந்தது. அதை எழுதியது எனக்கு நினைவேயில்லை. வழியில் கிடக்கும் கல்லைக் காலால் ஒதுக்குவது யாருக்கு நினைவிருக்கும்?

மற்றது இரண்டு நிமிஷம். விடுபட்ட எண்ணை எடுத்துக்கொண்டு, மேலிருந்து வெள்ளைக் கட்டங்களை அந்த எண் வரை எண்ண வேண்டும். முதல் வரிசையில் 'மரியாதை', 'விற்பனை'. மூன்றாவது கட்டம் யா, எட்டாவது கட்டம் னை. மூன்றாவது வரிசை 'மல்லிகைமாலை'யில் தொடங்கியது. பதினான்காவது கட்டம் ம, பத்தொன்பதாவது லை. யானைமலை. வாரம் முழுவதும் நான் ஏறி இறங்கிய மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் தெரிகிற மலை.

பத்தொன்பதாவது எண்ணை அவர் எனக்காகவே விட்டாரா, தற்செயலா என்று கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.

டீச்சர் முட்டியைத் தடவிக்கொண்டார். "ஞாயித்துக்கெழமையே இதை அப்படியே அனுப்பியிருந்தீங்கன்னா இட்லி வேகுறதுக்குள்ள போட்டிருப்பேன். மலை ஏற விட்டுட்டீங்களே சார்."

மணி மூன்று பத்து. நான் போனை எடுத்து, பாயின் எண்ணுக்கு 'யானைமலை' என்று அடித்துவிட்டேன். அனுப்பும் குறியின் மேல் விரல் நின்றது. ஒருவர் அனுப்பினால் போதும், அவர் நிறுத்தமாட்டார். நான் என்ன செய்தேன் என்பது இந்த அறையில் இருக்கிற இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. குறைந்தது ஆறு மணி வரை. ஆறு மணிக்குப் பாய் விளக்கம் எழுதும்போது, 'எங்களுக்கு வந்ததில் எண் விடுபடவில்லையே' என்று யாராவது கேட்பார்கள். அப்போது பார்த்துக்கொள்ளலாம். கணினியில் ஏதோ கோளாறு என்று சொல்லலாம். அந்த வாக்கியம்கூட மனதில் தயாராக இருந்தது.

"நீங்க அனுப்புங்க," என்றேன் டீச்சரிடம். "நீங்கதான் கண்டுபிடிச்சீங்க."

"மாட்டேன். எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள் போகட்டும். அதுவரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் முகம் தெரியவில்லை. "போறேன் சார். இன்னும் மூணு மணி நேரம் கூட இல்ல."

எங்கள் நாளிதழில் திருத்தம் வெளியிடுவது என் பொறுப்பாக இருந்தது. உள்பக்கத்தில், அடியில், சின்ன எழுத்தில். 'நேற்றைய செய்தியில் தவறுதலாக இடம்பெற்றுவிட்டது' என்று வரும். யார் தவறு என்று ஒருபோதும் வராது. நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். அந்த மாதிரியில்தான் முதலில் அடித்தேன்: 'கட்டத்தின் எண் வரிசையில் தவறு நேர்ந்துவிட்டது.' படித்துப் பார்த்தேன். தவறு தானாகவே நடந்துவந்து கட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டது போல இருந்தது. அழித்துவிட்டு எழுதினேன்: 'பாய் கொடுத்த கட்டம் சரியாக இருந்தது. நான் அவரைக் கேட்காமல் எண்களை மாற்றிவிட்டேன். ஆறு நாட்களாக உங்களால் போட முடியாததற்கு நான்தான் காரணம். அவர் கொடுத்தது இது.' தாளைப் படமெடுத்தேன். சிவப்புக் கோடுகளை மறைக்க வழியில்லை. புதிதாக வரைந்து அனுப்பலாம், அரை மணி ஆகும். அப்படியே அனுப்பினேன். பாய்க்கு அடித்துவைத்திருந்ததை அழித்தேன்.

குமாஸ்தாதான் முதலில் பதில் போட்டார். "அப்ப இத்தனை நாளா நாங்க ஜட்ஜுன்னு நெனச்சு மனுக் குடுத்துட்டு இருந்தது அக்யூஸ்டுகிட்டயா?" அதற்கு நிறையப் பேர் சிரித்தார்கள். நான் சட்டையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

சந்துக்குள் போய்ச் சேர்ந்தபோது நாலரை. பாய் கடைக்கு வெளியே வந்து நின்றார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"அண்ணே! ஏழு பேரு! முதல்ல டீச்சரம்மா. ஆறு நாளா ஒருத்தரும் இல்ல, மூணு மணிக்கு மேல கொட்டுது. என்ன ஆச்சு எல்லாருக்கும்?" பக்கத்துக் கடைப் பக்கம் திரும்பி, "அண்ணனுக்கு ஒரு டீ" என்றார். "நேத்து ஒருத்தரு தெப்பக்குளம்னு அனுப்புறாருண்ணே. நாலு எழுத்துன்னு போட்டிருக்கேன், ஏழு எழுத்தைக் கொண்டாந்து திணிக்கிறாரு."

அவர் குழுவில் இல்லை. எதுவும் தெரியாது. அந்தச் சிரிப்பை அப்படியே விட்டுவிட்டு டீயைக் குடித்துவிட்டு வந்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன் என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும். தாளை எடுத்து அவர் கையில் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன்.

அவர் தாளை மேசைமேல் விரித்து, ஓரங்களைத் தேய்த்து நிமிர்த்தினார். சிவப்பு எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதற்குள் ஒருவர் வந்து அரை அங்குல எலாஸ்டிக் நான்கு மீட்டர் கேட்டார். அளந்து, வெட்டி, சுருட்டிக் கொடுத்தார். வாங்கியவர் போனதும் பாய் என் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணுல இருந்து இருபத்தாறு வரைக்கும் எனக்கு எண்ணத் தெரியாதுன்னு நெனச்சிட்டீங்களாண்ணே?"

"அப்படி இல்ல, பாய்."

"வேற எப்படி?"

அவர் அந்த மேசையில் நாள் முழுவதும் பொத்தான்களை டஜன் கணக்கில் எண்ணிக் கொடுப்பவர். ஒரு பொத்தான் குறைந்து நான் பார்த்ததில்லை. விட்டுவிட்டார், கேட்டால் சங்கடப்படுவார், நாமே சரிசெய்துவிடுவோம் என்று நினைத்தேன். அதை மரியாதை என்றும் நினைத்தேன்.

"ஒரு போன் அடிச்சிருக்கலாம்ல. சனிக்கிழமை அன்னைக்கு நான் குரூப்லதான் இருந்தேன். பேப்பர்ல இருந்தப்ப யாராச்சும் நம்பர் எழுதிக் குடுத்தா, கேக்காம மாத்துவீங்களா?"

"மாட்டேன்."

"பின்ன?"

டீ வந்தது. எனக்கு முன்னால் வைத்தார். அதில் கோபம் எதுவும் இல்லை, வழக்கமாக வைப்பதுபோலத்தான் வைத்தார். "சரி. எப்படிண்ணே இருந்துச்சு? ஒழுங்கா இருந்துச்சா?" என்றார்.

"இதுவரைக்கும் நீங்க போட்டதுலயே இதுதான் நல்லா இருக்கு."

"எம்புட்டு நிமிஷம்?"

"ரெண்டு."

"ஆறு நாளும் ரெண்டு நிமிஷமும்," என்றார். அப்போது சிரித்தார், கொஞ்சமாக. தாளை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்தத் தாள்கள் என் கோப்புக்குத்தான் வரும் எப்போதும். "நிறுத்தலண்ணே. ஏழு பேரு தொறந்துட்டாங்க. இன்ஷா அல்லாஹ், அடுத்த மாசமும் போடுறேன். ஆனா இனிமே நானே எழுதி, நானே போட்டோ புடிச்சுப் போட்டுர்றேன். நீங்க எல்லாரையும் மாதிரி வீட்டுல உக்காந்து போடுங்க."

நான் தலையாட்டினேன். ஆறு மணிக்கு முன் இன்னும் நான்கு பேர் அனுப்பினார்கள் என்று பிறகு தெரிந்தது.

அடுத்த மாதப் புதிருக்கு முந்தைய சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் குளித்து, மேசையைத் துடைத்து, கணினியைத் திறந்து வைத்தபிறகுதான் எனக்கு வேலை இல்லை என்பது நினைவுக்கு வந்தது. சிவப்புப் பேனாவை இழுப்பறையில் போட்டேன். மாலை வரை மொட்டைமாடிக்கும் கீழுக்குமாக நடந்தேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குப் படம் வந்தது. கணக்கு நோட்டுத் தாள், நீல மை, கொஞ்சம் சாய்ந்திருந்தது, ஓரத்தில் கட்டைவிரல் நிழல். முதல் வேலையாக எண்களைப் பார்த்தேன். ஒன்றிலிருந்து இருபத்து நான்கு வரை ஒன்றும் விடுபடாமல் இருந்தன. கறுப்புக் கட்டங்களைப் பார்த்தேன். அவர் எப்போதும் தாளைத் தலைகீழாகத் திருப்பினாலும் அதே இடங்களில் கறுப்பு வருகிற மாதிரிதான் வரைவார். இதில் இடதுபக்கம் ஒரு கறுப்புக் கட்டத்துக்கு வலதுபக்கத்தில் ஜோடி இல்லை. நீல மையால் கட்டங்களை நிரப்புகிற அவசரத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கலாம். அல்லது அதுதான் உள்விடைக்கு வாசலாக இருக்கலாம்.

கேட்கக்கூடாது. அவர் குழுவிலிருந்து வெளியேறி ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். ஜெராக்ஸ் கடை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். படத்தைப் பார்த்து ஒரு தாளில் பென்சிலால் வரைந்து, அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டு, எழுந்து நின்றேன்.